வேலைக்கான விண்ணப்பமும் செயற்கை நுண்ணறிவும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், வேலை தேடும் இளைஞர்களுக்காக நடைபெற்ற அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பயோடேட்டா எழுதுவதைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டம் வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் எங்களிடம் கேட்டார்கள். அவர்களுடைய காலத்தில் மாமனோ மச்சானோ ஊர் விட்டு ஊர் எழுதும் ஒரு கடிதமே வேலைக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய நிலை வேறு. பட்டம் பெற்ற பிள்ளை நூறு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்புகிறான். ஓரிடத்திலிருந்தும் பதில் வருவதில்லை. "இல்லை" என்ற பதிலாவது வந்தால் மனம் ஆறும். அதுவும் வருவதில்லை. இந்த மௌனத்தின் காரணம் என்ன, அதை உடைக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எவ்வளவு தூரம் உதவும், எங்கே அவை நம்மைக் குழியில் தள்ளும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்துள்ளோம்.

விண்ணப்பம் என்பது எட்டயபுரத்திற்குப் புதியதன்று. அரண்மனை இருந்த ஊர் இது. புரவலரை நாடிப் புலவர்கள் வந்த ஊர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற நம் உமறுப் புலவர் அடங்கியிருக்கும் மண்ணும் இதுவே. இவ்வூரில் பிறந்த பாரதியார், 1897ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவராக இருந்தபோது, தம் படிப்புக்கு உதவி வேண்டி எட்டயபுரம் அரசருக்குச் செய்யுளிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். பின்னர் 1919இல், கடையத்தில் வறுமையில் இருந்த நாளில், மீண்டும் இவ்வரண்மனைக்குச் சீட்டுக்கவி எழுதினார். அவரைக் காட்டிலும் நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்று யார் இருந்தார்? ஆயினும் அந்தச் சீட்டுக்கவியால் அவர் நாடிய ஆதரவு கிட்டவில்லை. இதை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்றைய கருவிகள் நமக்கு அழகான எழுத்தை நொடியில் தந்துவிடும். அழகான எழுத்து வேறு, வேலை வேறு. படிப்பவருக்கு என்ன தேவை என்பதும், எழுதுபவரிடம் மெய்யாகவே என்ன இருக்கிறது என்பதும் அந்தத் தாளில் சந்திக்க வேண்டும்.

கடந்த சில மாதங்களாக நம் மஹல்லாவின் இளைஞர்கள் கொண்டுவந்து காட்டிய பயோடேட்டாக்களை நாங்கள் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஊர், தெரு, பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டால் எது யாருடையது என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. எல்லாமே ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்த ஒரே அச்சில் வார்த்தவை. முதலில், சவால் மிகுந்த பணியில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணை நிற்பதே தம் குறிக்கோள் என்று ஓர் ஆங்கில வாக்கியம். பிறகு தந்தை பெயர், மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட், பாட்டுக் கேட்டல். இறுதியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்றில் இரண்டாண்டுகள் பண்டல் கணக்கும் சரக்கு லாரிக் கணக்கும் பார்த்த பிள்ளையின் தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "அது சும்மா பார்த்த வேலைதானே" என்கிறான்! வாப்பாவின் பலசரக்குக் கடையில் ஜிஎஸ்டி பில்லும் இருப்புக் கணக்கும் டேலியில் ஏற்றும் மாணவன், தன்னிடம் "அனுபவம் இல்லை" என்று எழுதியிருக்கிறான். உள்ளதை விட்டுவிட்டு, ஊரார் எழுதியதை எழுதி வைத்திருக்கிறோம்.

மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் 1997இல் தொடங்கிய நௌக்ரி போன்ற தளங்களிலும், பெரிய நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும் வந்து குவியும் விண்ணப்பங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. அவற்றைச் சேர்த்து வைத்துத் தேடித்தரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. தேர்வாளர் "டேலி", "வெல்டிங்", "ஆட்டோகேட்" என்று தாம் வேண்டும் சொல்லைக் கொடுத்துத் தேடுவார். அந்தச் சொல் உங்கள் தாளில் இல்லையென்றால் நீங்கள் அங்கே இல்லை. இரண்டு பத்திகளாகவும், கட்டங்களாகவும், வண்ண வண்ணப் படங்களாகவும் அலங்கரித்த தாளைப் பல நேரங்களில் அம்மென்பொருள் தாறுமாறாகப் படிக்கும். படமாக எடுத்து அனுப்பிய தாளைச் சில மென்பொருள்கள் படிக்கவே மாட்டா. ஆகவே, ஒரே பத்தி, சாதாரண எழுத்து, தெளிவான தலைப்புகள். அலங்காரச் செலவு வேண்டாம். அதற்காக "மென்பொருளை ஏமாற்றும் வித்தை" என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுத்தருவோரையும் நம்ப வேண்டாம். இறுதியில் தாளைக் கையில் எடுப்பவர் மனிதர்தாம்.

இனி, கருவிகளுக்கு வருவோம். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் நாள் வெளிவந்தது. அதன்பின் கூகுளின் ஜெமினி, மைக்ரோசாஃப்டின் கோபைலட் ஆகியவை வந்தன. இவை யாவும் தமிழை விளங்கிக்கொள்ளும். தமிழில் பேசினாலும் கேட்டுக்கொள்ளும். பயோடேட்டா எழுதுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் அளவே தாராளம். ஆங்கிலம் சரளமாக வராத ஒரே காரணத்தால் பின்தங்கி நின்ற நம் கரிசல்காட்டுப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே பெரிய வாய்ப்பு. சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவனுக்கு அண்ணனோ அத்தையோ உட்கார்ந்து திருத்தித் தந்த விண்ணப்பத்தை, இன்று எட்டயபுரத்துப் பிள்ளை தன் செல்பேசியிலேயே திருத்திக்கொள்ள முடிகிறது.

ஆனால் இக்கருவியின் இயல்பை அறியாமல் அதைத் தொடக்கூடாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்றுக்கொண்டு எழுதுவது அது. உங்களை அதற்குத் தெரியாது. "எனக்கு ஒரு நல்ல ரெஸ்யூம் எழுதிக் கொடு" என்று ஒரே வரியில் கேட்டால், நல்ல ரெஸ்யூம்களில் வழக்கமாக என்னென்ன இருக்குமோ அவற்றையெல்லாம் உங்கள் பெயருக்குக் கீழே எழுதிவிடும். எங்கள் முன்னிலையில் நடந்ததையே சொல்கிறோம். பட்டயப் படிப்பு முடித்து ஒரு லேத் பட்டறையில் இரண்டாண்டுகள் வேலை செய்த இளவல் ஒருவர் இவ்வாறு கேட்டார். "உற்பத்தித் திறனை 30 விழுக்காடு உயர்த்தினார், எட்டுப் பேர் கொண்ட குழுவை வழிநடத்தினார்" என்று வந்தது. பட்டறையில் மொத்தமே மூன்று பேர். அந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று கருவிக்கும் தெரியாது. இன்னொரு சகோதரி, வீட்டில் தையல் தைத்துக் கொடுப்பதாக எழுதினார். அவரை ஒரு ஆடை நிறுவனத்தின் "நிறுவனர், தலைமை நிர்வாகி" ஆக்கிவிட்டது. அன்று சிரித்துக்கொண்டோம்.

ஆனால் நேர்முகத் தேர்வில் இது சிரிக்கும் விஷயமாக இருக்காது. "முப்பது விழுக்காட்டை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று எதிரில் இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வியில் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஒரு பொய்யால், தாளில் உண்மையாக இருந்த மற்ற பத்து வரிகளும் பொய்யாகிப் போகும். வேலையில் சேர்ந்த பின்னரும் பல நிறுவனங்கள் பழைய முதலாளியிடம் விசாரிக்கின்றன. அப்போது தெரியவந்தால் வேலையும் போகும். அடியில் உள்ள உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது கருவியன்று, நாம். பொய்ச் சாட்சி சொல்லக்கூடாது என்று ஓதி வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? கருவியை எழுத்தராக வைத்துக்கொள்ளுமுன், முதலில் அதைக் கேள்வி கேட்பவராக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அனுபவத்தில் மிகுந்த பயன் தந்தது இதுவே. உங்கள் படிப்பு, பார்த்த வேலைகள், கையாளத் தெரிந்த இயந்திரங்கள், மென்பொருள்கள் ஆகியவற்றை முன்பின்னாக இருந்தாலும் தமிழிலேயே சொல்லுங்கள். அதன்கீழ் நிறுவனத்தின் விளம்பரத்தை அப்படியே ஒட்டுங்கள். பிறகு இவ்வாறு கேளுங்கள்:

"முதலில் எதையும் எழுதாதே. என் வேலையைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியதை ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் சொல்லாத எண்ணையோ, பொறுப்பையோ, சான்றிதழையோ சேர்க்காதே. இந்த விளம்பரம் கேட்பவற்றுள் என்னிடம் இல்லாதவை எவை என்று தனியே சொல். பின்னர் எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கத்திற்கு எழுது."

தீப்பெட்டி ஆலையில் கணக்குப் பார்த்த பிள்ளையிடம் இவ்வாறு கேட்க வைத்தபோது, ஒரு நாளில் எத்தனை லாரி, கணக்கு எதில் எழுதினீர்கள், இருப்பு குறைந்தால் யாரிடம் சொன்னீர்கள், கூலிப் பட்டியல் தயாரித்தீர்களா என்று அது அடுக்கிக்கொண்டே போயிற்று. அவனும் பதில் சொல்லிக்கொண்டே போனான். "சும்மா பார்த்த வேலை" அரைப் பக்கத்திற்கு வந்துவிட்டது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விளம்பரம் கேட்டு, அவனிடம் இல்லாதது எக்செல் மட்டுமே என்பதும் தெரிந்தது. அதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எழுதி வந்ததை வரி வரியாகப் படியுங்கள். பொருள் புரியாத ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தாலும் அதை எடுத்துவிட்டு எளிய சொல் கேளுங்கள். உங்கள் வாயில் வராத சொல் உங்கள் தாளிலும் இருக்கக்கூடாது. நேர்முகத் தேர்வுக்கும் இதே கருவியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். என் தாளைப் படித்துவிட்டுக் கடுமையான கேள்விகளாகக் கேள் என்றால் கேட்கும். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல ஒத்திகை.

நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு. முஹம்மது என்பதில் ஓர் 'எம்'மா இரண்டு 'எம்'மா, நடுவில் 'ஏ'யா 'இ'யா, இறுதியில் 'இ'யா 'ஏ'யா என்பது பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். கருவியோ தனக்குப் பழக்கமான எழுத்துக் கூட்டலுக்கு நம் பெயரைச் சொல்லாமலே "திருத்தி" விடுவதுண்டு. தந்தையின் பெயரைக் குறிக்கும் முதலெழுத்தைத் தூக்கி எங்கோ போட்டுவிடும். வெளிநாட்டு வேலையில் பெயர் மாறினால் விசாவே சிக்கலாகும். ஆகவே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அதற்காகப் பாஸ்போர்ட் எண், ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றைக் கருவிக்குள் தட்டச்சு செய்யாதீர்கள். பயோடேட்டாவுக்கு அவை தேவையே இல்லை. தொலைபேசி எண்ணையும் முகவரியையும் இறுதியில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர் என்றதும், கூட்டத்தில் பலர் மனத்தில் இருந்தும் யாரும் கேட்கத் தயங்கும் ஒன்றைப் பேசியாக வேண்டும். நம் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்களா? இதை மனக்குறையாகச் சொல்லாமல் ஆய்வாகவே சொல்கிறோம். சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய இரு அறிஞர்கள் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒத்திருந்தது; பெயர்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிடுகையில் முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. தலித் பெயர்களுக்கும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. பின்னர் 2022இல் லெட்பை ஃபவுண்டேஷன் பெண்களுக்கான தொடக்கநிலை வேலைகளை ஆராய்ந்தது. ஆயிரம் வேலைகளுக்கு, ஒத்த தகுதியுடைய இரு கற்பனைப் பெண்களின் பெயரில் விண்ணப்பங்கள் போயின. பிரியங்கா சர்மா என்ற பெயருக்கு 208 சாதகமான பதில்கள். ஹபீபா அலி என்ற பெயருக்கு 103.

இயந்திரம் தேர்ந்தெடுத்தால் இந்தப் பாகுபாடு ஒழியும் என்று எண்ணுவோரும் உண்டு. அமேசான் நிறுவனம் 2014 முதல் அத்தகைய ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பழைய பத்தாண்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்ற அது, பெண்கள் என்ற சொல் வரும் தாள்களைத் தாழ்த்தியே மதிப்பிட்டது. அதனால் அத்திட்டத்தைக் கைவிட்டார்கள் என்று 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மனிதர் செய்ததைப் பார்த்துக் கற்றது, மனிதர் செய்ததையே செய்தது.

பெயரைச் சுருக்கியோ மாற்றியோ எழுதலாமா என்று ஓர் இளவல் எங்களிடம் தனியே கேட்டார். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. சான்றிதழில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர் என்றால் நியாயமான முதலாளியும் சந்தேகிப்பார். ஆனால் கேட்கப்படாத இடத்தில் மதம், திருமண நிலை, தந்தையின் தொழில் ஆகியவற்றை எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அவற்றை எடுத்துவிடுங்கள். எந்தக் கருவியாலும் இந்த ஓரவஞ்சனையைத் தீர்க்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நல்ல தாள் இருந்தும் பதில் வராதபோது பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொண்டு முடங்கிவிடக்கூடாது. வீட்டில் உள்ளோரும் "ஒழுங்கா எழுதியிருந்தா கிடைச்சிருக்கும்ல" என்று குத்திக்காட்டக்கூடாது. தனியார் துறையில் ஏற்கெனவே வேலையில் உள்ள நம் சகோதரர்கள் ஒரு தாளை உரியவர் மேசைக்குக் கொண்டு சேர்ப்பது, கருவி எழுதும் பத்துக் கடிதங்களைவிடப் பயனுள்ளது. அரசுத் தேர்வுகளில் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. தமிழகத்தில் 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உள்ளது. அவ்வழியை நம் பிள்ளைகள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பது எங்கள் கருத்து.

அருகிலுள்ள வாய்ப்புகளையும் பாருங்கள். தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்க நிலையில் ஆண்டுக்கு 50,000 கார்கள் அதன் திறன். இத்தகைய ஆலைகளுக்கு எழுதும்போது சென்னை மென்பொருள் நிறுவனத்திற்கு எழுதிய தாளையே அனுப்பாதீர்கள். பட்டறை அனுபவத்தை மேலே ஏற்றுங்கள்.

வளைகுடா செல்ல விரும்புவோருக்குச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியுள்ளது. முன்பெல்லாம் போலி வேலைக் கடிதத்தை அதன் பிழை மலிந்த ஆங்கிலத்தைக் கொண்டே கண்டுபிடித்தோம். இன்று மோசடிக்காரர் கையிலும் இதே கருவிதான். கடிதம் பிழையே இல்லாமல், பெரிய நிறுவனத்தின் முத்திரையுடன் வரும். ஆகவே கடிதத்தின் அழகை நம்பாதீர்கள். முகவர், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் தவிர வேறு வாங்க விதி இல்லை. 1978இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்ச் சேர், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டு, 2022இல் மீட்கப்பட்டு வந்ததை நாடறியும். அவர்களும் படித்த பிள்ளைகளே. பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். வேலைக் கடிதம் வந்ததும், பணம் கட்டுவதற்கு முன், அந்நாட்டில் உள்ள நம் மஹல்லாவாசி ஒருவரிடம் காட்டி விசாரித்துத் தர எங்கள் குழு ஆயத்தமாக உள்ளது.

திருமணத்திற்குப் பின் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்த சகோதரிகள், அந்த இடைவெளியை எண்ணித் தயங்குகிறார்கள். அதை மறைக்க வேண்டாம். ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த ஆண்டுகளில் டியூஷன் எடுத்தது, தையல் கணக்குப் பார்த்தது, கணினி கற்றது எதுவாயினும் எழுதுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைதோறும் இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் நூலகத்தில் இதற்கென அமர்கிறோம். சகோதரிகளுக்கு ஞாயிறு முற்பகல் மதரஸா அறையில், ஆசிரியைகள் இருவர் இருப்பார்கள். கட்டணம் இல்லை. வருவோர் தம் சான்றிதழ் நகல்கள், பாஸ்போர்ட் இருப்பின் அது, விண்ணப்பிக்க விரும்பும் ஒரு விளம்பரம், இதுவரை செய்த வேலைகள் சிறிதாயினும் பெரிதாயினும் அனைத்தையும் தமிழில் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டு வரவும். பழைய பயோடேட்டாவைக் கொண்டு வர வேண்டியதில்லை.